மாட்டுக்குப் பட்ட நன்றிக்கடன் எந்த வேலையில் தெரிய வேண்டும்? (விவாத இழை)

#1 கொட்டில்மணி

கறவை மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் "இதுதான் எங்களுக்குச் சோறு போடுது" என்பார்கள். மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் நன்றாகக் கறக்கிற மாட்டைக் கவனிப்பதில் நன்றி எவ்வளவு, வரும்படி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டும் அங்கே ஒரே வேலையைத்தான் கேட்கின்றன.

அவை பிரிகிற இடங்கள் என்று எனக்குப் படுபவை நான்கு. சீக்கிரம் கைமாறப் போகிற காளைக்கன்று. மருந்து போட்ட மாட்டின் பால். பால் வற்றவிட்ட சினைமாடு. படுத்துவிட்டு எழ முடியாத மாடு. இந்த நான்கிலும் உடனே காசு வராது, யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். மாட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது உண்மையானால் அது இங்கேதான் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

அனுபவம் உள்ளவர்கள் செய்முறையோடு எழுதுங்கள். அளவு, நேரம், எங்கே தப்பு நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று வந்தால் எல்லோருக்கும் உபயோகம்.

#2 கன்றுவைத்தியம்

காளைக்கன்றிலிருந்து தொடங்குகிறேன். பசுவின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குக் கடத்தாது. பிறக்கிற கன்றின் ரத்தத்தில் அவை கிட்டத்தட்ட இல்லை. சீம்பால் வழியாக வந்தால்தான் உண்டு. அந்தப் புரதத்தை உடைக்காமல் முழுசாக உள்ளே எடுக்கும் திறன் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். 6 மணி நேரத்துக்குப் பிறகு மளமளவென்று குறையும், 24 மணி நேரத்தில் நின்றேவிடும். மறுநாள் குடம் குடமாக ஊட்டினாலும் ரத்தத்தில் ஏறாது.

அளவு, உடல் எடையில் 10 சதவீதம். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், பிறந்த 2 மணி நேரத்துக்குள். அடுத்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இன்னொரு ஒன்றரை, இரண்டு லிட்டர். பாலின் சூடு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ்.

"தாய்கிட்ட விட்டாச்சு, குடிச்சிருக்கும்" என்பதில்தான் பாதிக் கன்றுகள் தவறிப்போகின்றன. மடி தொங்கியிருந்தால் கன்று காம்பைத் தேடி மேலேயே முட்டிக்கொண்டிருக்கும். இழுத்து எடுத்த கன்று நாக்கு வீங்கிச் சப்ப முடியாமல் கிடக்கும். வாயில் நுரை தெரிவதை வைத்து எத்தனை லிட்டர் உள்ளே போனது என்று சொல்லிவிட முடியாது. அதனால் கறந்து, அளந்து, புட்டியில் கொடுங்கள்.

புட்டியில் குடிக்காத கன்றுக்கு உணவுக்குழாய் டியூப் உண்டு. தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. மூக்கு நுனியிலிருந்து, முன்னங்கால் நெஞ்சை ஒட்டும் இடத்தில் இருக்கிற முழங்கை எலும்பு வரை டியூபை வைத்து அளந்து குறி போடுங்கள். கன்று நிற்க வேண்டும், அல்லது நெஞ்சில் நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் கிடக்கிற கன்றுக்கு வேண்டாம். டியூபை நாக்கின் மேலாக விட்டு, கன்று விழுங்க விழுங்க உள்ளே நகர்த்துங்கள். பிறகு கழுத்தைத் தடவிப் பாருங்கள். வளையம் வளையமாகக் கெட்டியாக மூச்சுக்குழாய் கைக்குப் படும், அதற்குப் பக்கத்தில் தனியாக டியூபும் தட்டுப்பட வேண்டும். இரண்டும் கைக்குப் பட்ட பிறகுதான் பாலைத் திறக்க வேண்டும். வெளியே இழுக்கும்போது டியூபை மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மிச்சம் இருக்கிற சொட்டுகள் நுரையீரலுக்குப் போய்விடும்.

கிடேரிக் கன்றுக்கும் காளைக்கன்றுக்கும் இதில் எந்த வித்தியாசமும் கிடையாது. நடைமுறையில் கிடேரிக்கு அளந்து ஊட்டுகிறார்கள், காளைக்கன்றுக்கு மிஞ்சியது போகிறது. அந்தக் கன்றுதான் சில நாளிலேயே வண்டியேறி, பல தொழுவத்துக் கன்றுகளோடு கலக்கிறது. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது அதற்கு.

தொப்புள்கொடியை 7 சதவீத அயோடின் டிஞ்சரில் முழுசாக முக்குங்கள். மேலாகத் தெளித்தால் அடிப்பகுதி நனையாது.

#3 பசும்புல்

நல்ல விளக்கம், டாக்டர். இரண்டு சந்தேகம். முதல் ஈத்து மாட்டின் சீம்பால் தண்ணியாக இருந்தால் என்ன செய்வது? நாலைந்து மாட்டுச் சீம்பாலை ஒன்றாகக் கலந்து வைத்துக்கொள்ளலாமா?

#4 கன்றுவைத்தியம்

நிறத்தையும் கெட்டித்தன்மையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீம்பாலில் கரைந்திருப்பதை அளக்கிற சிறு கருவியான பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு வைத்தால் போதும், 22 அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். கன்று ஈன்ற பிறகு கறக்கத் தாமதமாக ஆக அது நீர்த்துக்கொண்டே போகும் என்பதால் முதல் கறவை சீக்கிரம் நடக்க வேண்டும்.

கலக்கக் கூடாது. நல்லதைத் தண்ணியானது கெடுக்கும். அதோடு, ஒரு மாட்டுக்கு ஜோனிஸ் நோய் (குடலைத் தாக்கும் தொற்று) இருந்தால் எல்லாக் கன்றுக்கும் பரவ அந்த ஒரு பாத்திரம் போதும். மிஞ்சிய நல்ல சீம்பாலை ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பைகளில் தட்டையாக ஊற்றி, தாயின் எண்ணும் தேதியும் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் உறையவிட்டால் ஒரு வருஷம் வரை தாங்கும். உருக்குகிற தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அவசரத்துக்கு அடுப்பில் வைத்தால் புரதம் திரிந்துவிடும், வயிறு நிறையுமே தவிரப் பாதுகாப்பு இருக்காது.

#5 பால்பரிசோதனை

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன், மருந்துப் பால். இதில் மாட்டின் மீதான பொறுப்பும் பாலைக் குடிக்கிறவர் மீதான பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன.

பென்சில்பெனிசிலினுக்குப் பாலில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு, கோடெக்ஸ் அளவுகோலின்படி ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 1 லட்சம் யூனிட் பெனிசிலின் உள்ள ஒரு மடி டியூபை, அதாவது காம்புத் துளை வழியாக மடிக்குள் ஏற்றுகிற மருந்து டியூபை, எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் அது சுமார் 60 மில்லிகிராம், அதாவது 60,000 மைக்ரோகிராம். அத்தனையும் டேங்கில் கலந்தால் 15,000 கிலோ பால் வரம்பைத் தொட்டுவிடும். முழுசும் ஒரே கறவையில் வெளியே வராது என்றாலும், "ஒரு மாட்டுப் பால்தானே, கலந்தால் தெரியாது" என்ற பேச்சு ஏன் எடுபடாது என்பது இந்தக் கணக்கில் விளங்கும். காய்ச்சினால் போய்விடும் என்பதும் சரியில்லை. பால் காய்ச்சுகிற சூட்டில் பெனிசிலின் வகை பெரும்பாலும் அப்படியே இருக்கும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு இது ஆபத்து. தயிர் உறைவதும் கெடும்.

தப்பு நடக்கிற இடங்கள் எப்போதும் ஒன்றேதான். காலையில் மருந்து போட்டவர் ஒருவர், சாயங்காலம் கறப்பவர் வேறொருவர். ஒரு காம்புக்குத்தானே போட்டோம் என்று மற்ற மூன்று காம்புப் பாலைச் சேர்ப்பது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளிலும் வரும், ஆகவே நான்கு காம்புப் பாலும் தனியே போக வேண்டும். மருந்து மாட்டைக் கறந்த அதே வாளியில், அதே மெஷினில் அடுத்த மாட்டைக் கறப்பது. பால் வற்றவிடும்போது ஏற்றுகிற வற்றுக்கால டியூபைக் கறவை மாட்டுக்குப் போட்டுவிடுவது. இதுதான் மோசம், அதன் மருந்து வாரக்கணக்கில் தங்கும்படி செய்யப்பட்டது.

விலகல் காலத்தை, அதாவது பாலையோ இறைச்சியையோ விற்கக் கூடாத நாட்களை, கடைசி டோஸிலிருந்து எண்ண வேண்டும், முதல் டோஸிலிருந்து எண்ணக் கூடாது. லேபிளில் சொன்னதைவிட அளவையோ நாளையோ கூட்டினால் லேபிளில் போட்டிருக்கிற விலகல் காலம் செல்லாது, மருத்துவர் புதிதாகச் சொல்ல வேண்டும். பாலுக்கு ஒரு காலம், இறைச்சிக்கு வேறு காலம்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுவர முடியும் என்றால் இதைச் சொல்வேன். முதலில் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுங்கள், பிறகு பலகையில் எழுதுங்கள், அதற்குப் பிறகு ஊசியைக் கையில் எடுங்கள். மருந்து போட்ட பிறகு எழுதலாம் என்று வைத்தால் ஒரு நாள் கட்டாயம் விட்டுப்போகும்.

#6 மேய்ச்சல்வழி

ஒதுக்கின பாலைக் கன்றுக்கு ஊட்டலாமா? பல இடத்தில் காளைக்கன்றுக்கு அதைத்தானே கொடுக்கிறார்கள்.

இன்னொன்று: மடிநோய்க்கு மூன்று வேளை மருந்து போட்டதும் பால் திரி திரியாக வருவது நின்றுவிட்டால் அதோடு நிறுத்துவது நல்லதுதானே? மருந்து குறைவாகப் போகும் இல்லையா.

#7 பால்பரிசோதனை

ஊட்டாதீர்கள். மருந்தின் சிறு அளவு கன்றின் குடலில் தினமும் போய்க்கொண்டிருந்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். பாஸ்டரைஸ் செய்தால் கிருமி சாகும், மருந்து அப்படியே இருக்கும்.

#8 கன்றுவைத்தியம்

மேய்ச்சல்வழி கேட்ட இரண்டாவது கேள்வி முக்கியமானது. எழுதிக் கொடுத்த நாட்களைத் தானாகக் குறைக்கவும் வேண்டாம், தானாகக் கூட்டவும் வேண்டாம். மருந்தைக் குறைப்பதற்குச் சரியான இடம் தொடங்குவதற்கு முன்னால்தான் இருக்கிறது.

மடிநோய் எல்லாமே ஒன்று போல இல்லை. மாடு நன்றாகத் தின்கிறது, காய்ச்சல் இல்லை, பாலில் மட்டும் திரி என்றால் சுத்தமாக மாதிரி எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, 24 மணி நேரம் பார்க்கலாம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் அழுக்கு வராத வரை துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சலை விட்டுவிட்டு, மூடி போட்ட குப்பியைச் சாய்த்துப் பிடித்துப் பிடியுங்கள். ஈ. கோலை வகை லேசாக இருந்தால் பல மாடுகள் தாமாகவே தேறிவிடும். எதுவுமே வளரவில்லை என்றும் முடிவு வரும். இந்த இரண்டிலும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் மருந்து நன்றாகக் கேட்கும். வயதான மாட்டில் பலமுறை திரும்பி வந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் குணமாகும் வாய்ப்பு குறைவு. அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, பிரித்து வைத்து, மந்தையை விட்டு எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மாடு தீனி எடுக்கவில்லை, காய்ச்சல், கண் உள்ளே போயிருக்கிறது, பால் தண்ணீராக வருகிறது என்றால் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவர் வர வேண்டும்.

வலி நிவாரணியை இரண்டு நிலையிலும் கேட்டு வாங்குங்கள். வீங்கின மடி வலிக்கும். கறக்கும்போது உதைக்கிற மாட்டைத் திட்டுவதற்கு முன் அதை நினைத்துப் பாருங்கள்.

#9 கொட்டில்மணி

மடிநோய் வராமல் பார்ப்பதையும் யாராவது சேர்க்க வேண்டும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, மாடு அரை மணி நேரமாவது நிற்கும்படி முன்னால் புதுத் தீவனம் போடுவது ஒன்று. காம்புத் துளை மூட அவ்வளவு நேரமாகும், அதற்குள் சாணத்தில் படுத்தால் முக்கினது வீண். பாக்கியை வற்றுக்காலம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#10 சினைக்கணக்கு

வற்றுக்காலத்தில் மாட்டைக் கடைசிக் கொட்டகைக்குத் தள்ளி மறந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் மடிக்குள் புதுக் கிருமி அதிகம் நுழைவது வற்றவிட்ட முதல் இரண்டு வாரத்திலும், கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரத்திலும்தான். அடுத்த ஈத்தின் மடிநோய்களில் நிறைய, யாரும் பார்க்காத இந்த நாட்களில் உள்ளே போனவை.

ஈனுவதற்கு 60 நாள் முன்பு வற்றவிடுங்கள். பால் குறையாத மாடு என்றால் அதற்கு ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தைக் குறைத்து, வேளைக்கு இத்தனை என்று பார்க்காமல் நாளுக்கு 15 லிட்டருக்குக் கீழே கொண்டுவந்து பிறகு நிறுத்துவது நல்லது. தண்ணீரை நிறுத்திப் பாலை வற்றவைப்பதை இன்னும் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது மாட்டை வதைப்பது.

டியூப் ஏற்றும் நாளில் அவசரப்படாதீர்கள். முழுசாகக் கறந்து முடித்து, காம்பை முக்கி, 30 விநாடி விட்டுத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் நுனியைத் தேயுங்கள். நமக்கு எட்டத்தில் இருக்கிற இரண்டு காம்பை முதலில் துடைக்க வேண்டும், பிறகு கிட்டத்தில் இருப்பவை. டியூப் ஏற்றும்போது தலைகீழ், கிட்டத்துக் காம்பு முதலில், எட்டத்துக் காம்பு பிறகு. அப்படிச் செய்தால் துடைத்து முடித்த காம்பின் மேல் கையோ சட்டையோ படாது. ஒரு காம்புக்கு ஒரு பஞ்சு. டியூப் முனையை 3, 4 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே விட்டால் போதும். முழுசாகக் குத்தினால் துளையின் உள்பூச்சு கிழியும், வெளிக் கிருமியும் உள்ளே தள்ளப்படும். துடைக்காமல் ஏற்றிய டியூப் ஒன்றும் ஏற்றாததைவிடக் கேடு.

எல்லா மாட்டுக்கும் ஆன்டிபயாடிக் டியூப் தேவையில்லை. பாலில் உள்ள செல் எண்ணிக்கை (மடியில் தொற்று இருந்தால் இது கூடும்) ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்து, அந்த ஈத்தில் மடிநோயும் வராத மாட்டுக்குக் காம்பை அடைக்கும் சீலன்ட் மட்டும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சீலன்ட் ஏற்றும்போது காம்பு மடியோடு சேரும் இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது காம்பிலேயே தங்க வேண்டும். மேலே தேய்த்து ஏற்றாதீர்கள்.

பிறகு இரண்டு வாரம் தினமும் பின்னாலிருந்து மடியைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். பீச்சிப் பார்த்தால் துளையை அடைத்திருக்கிற மெழுகு போன்ற அடைப்பு உடைந்துவிடும்.

#11 பசும்புல்

வற்றின மாட்டுக்குப் பச்சைத் தீவனம் இஷ்டத்துக்குக் கொடுக்கலாமா? நன்றிக்கடனாக நல்ல தீனி போடுகிறேன் என்று செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#12 சினைக்கணக்கு

மனசு நல்லது, பலன் எதிராகப் போகலாம். உரம் நிறையப் போட்டு வளர்த்த பசுந்தீவனத்தில் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளும், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்லும் ஹார்மோனின் கட்டளை சரியாக எடுபடாது. மாட்டின் ரத்தத்தில் ஓடுகிற மொத்தக் கால்சியமே 3 கிராம் அளவுதான். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் போகிறது. ஈன்ற அன்று 10 லிட்டர் கறந்தால் கணக்கு எங்கே நிற்கும் என்று பாருங்கள். அந்தப் பள்ளத்தை எலும்பும் குடலும் உடனே நிரப்ப வேண்டும், முடியாவிட்டால் மாடு படுத்துவிடும். பால் காய்ச்சல் என்று பெயர், உடம்போ சில்லிட்டிருக்கும்.

கடைசி 3 வாரத்துக்குப் பொட்டாசியம் குறைந்த வைக்கோல், முற்றின புல் போன்றவற்றை அடிப்படையாக வையுங்கள். ரத்தத்தின் காரத்தன்மையைக் குறைக்கிற எதிர்மின் அயனி உப்புக் கலவை கொடுப்பவர்கள் சிறுநீரின் பிஎச் பார்க்க வேண்டும். ஹோல்ஸ்டைன் மாட்டில் 6.0 முதல் 6.8 வரை வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அளக்காமல் உப்பைக் கொட்டினால் தீனி எடுப்பதுதான் குறையும்.

#13 கன்றுவைத்தியம்

படுத்த மாட்டுக்கு வருகிறேன். காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அந்த நிலையில் விழுங்கும் திறன் குறைந்திருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். பக்கவாட்டில் விழாமல் நெஞ்சில் நிமிர்ந்திருக்கும்படி வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

கால்சியம் போரோகுளுக்கோனேட்டை நரம்பில் ஏற்றுவது மருத்துவர் வேலை. பாட்டிலை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே 10 நிமிஷத்துக்குக் குறையாமல் ஏற்றுவார். துடிப்பு தாறுமாறானால் நிறுத்துவார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் "சட்டுன்னு முடிங்க" என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். எழுந்த மாடு சில மணி நேரத்தில் திரும்பப் படுக்கலாம், ஆகவே நன்றாக விழுங்க ஆரம்பித்த பிறகு வாய்வழிக் கால்சியத்தைக் கேளுங்கள்.

எழாத மாட்டை மிக அதிகமாகக் கெடுப்பது சிமென்ட் தரை. 500 கிலோ எடை ஒரே தொடை மேல் மணிக்கணக்கில் அழுத்தினால் தசைக்கு ரத்தம் போகாது, செத்துப்போகும். கால்சியம் சரியான பிறகும் மாடு எழாமல் போவது பல நேரம் இதனால்தான். மணல், அல்லது ஒரு முழத்துக்கு வைக்கோல். 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும், மறுபக்கம் புரட்ட வேண்டும். எட்டும் தூரத்தில் தண்ணீர். இடம் மாற்றும்போது காலையோ கழுத்தையோ கட்டி இழுக்காதீர்கள். அகலமான பலகையிலோ தடித்த விரிப்பிலோ உருட்டி ஏற்றி, அந்த விரிப்பை இழுங்கள். இடுப்புக் கவ்வியில் தூக்கினால் தானாகக் கால் ஊன்றுகிறதா என்று பார்த்து இறக்கிவிடுங்கள், தொங்கவிட்டுவிட்டுப் போகக் கூடாது.

#14 கொட்டில்மணி

கருணைக்கொலை என்று எப்போது முடிவெடுப்பது, டாக்டர்? அதைச் சொல்லத்தான் யாரும் முன்வருவதில்லை. முயற்சி செய்துகொண்டே இருப்பதுதான் விசுவாசம் என்று நினைக்கிறோம்.

#15 கன்றுவைத்தியம்

தினமும் ஒரே நேரத்தில் நான்கு விஷயத்தை எழுதுங்கள்: தின்கிறதா, குடிக்கிறதா, எழ முயல்கிறதா, நிமிர்ந்து உட்கார்கிறதா. நான்கும் இருந்தால் இன்னொரு நாள் கொடுக்கலாம். நேற்றைவிட இன்று குறைந்திருந்தால், அல்லது பக்கவாட்டில் கிடந்து தலையைக் கூடத் தூக்கவில்லை என்றால், அதற்கு மேல் நீடிப்பது நம் மனசுக்காகச் செய்வது. எலும்பு முறிவோ இடுப்பு விலகலோ உறுதியானால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். யார், எந்த முறையில் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும், ஆகவே உங்கள் மருத்துவரோடு இதை மாடு விழுவதற்கு முன்பே பேசி வைத்திருங்கள். நடுராத்திரியில் பேசுகிற பேச்சு இல்லை இது.

மந்தையிலிருந்து கழிக்கிற மாட்டுக்கும் ஒரு வரி: நான்கு காலிலும் நன்றாக ஊன்றி நடக்கிறபோதே முடிவெடுத்து அனுப்புங்கள். நொண்டுவது முற்றும் வரை கறந்துவிட்டு வண்டியேற்றுவது அது இத்தனை வருஷம் உழைத்ததற்குச் செய்கிற அநியாயம்.

#16 மேய்ச்சல்வழி

செத்த மாட்டை எப்படி அப்புறப்படுத்துவது என்பதையும் சேர்க்கலாம்.

#17 பால்பரிசோதனை

சேர்க்கத்தான் வேண்டும். தெற்காசியாவில் பாறுக் கழுகுகள் 1990-களிலிருந்து 95 சதவீதத்துக்கு மேல் அழிந்ததற்குக் காரணம், மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக். அது தங்கியிருந்த சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2004-ல் காரணம் உறுதியானது, 2006-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துக் காட்டப்பட்டது, மாட்டின் வலிக்கும் அது நன்றாகக் கேட்கும். மனிதர்களுக்கான பெரிய டைக்ளோஃபெனாக் குப்பியை மாட்டுக்குப் போடுகிறவர் இருந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

கருணைக்கொலைக்குப் போடுகிற பென்டோபார்பிட்டல் ஊசியால் முடித்த மாடு என்றால் அதை நாயோ பறவையோ தொடக் கூடாது, தின்றால் அவையும் சாகும். திறந்தவெளியில் போடாமல், அனுமதி உள்ள முறையில் எரிக்கவோ கிணறு, ஓடை, நிலத்தடி நீர் மட்டத்துக்கு எட்டத்தில் ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். வேறொருவரிடம் சடலத்தை ஒப்படைக்கிறீர்கள் என்றால் கடைசி ஒரு மாதத்தில் போட்ட மருந்துகளின் பெயர், தேதி, அளவு மூன்றையும் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பலகையில் எழுதுகிற பழக்கம் இருந்தால் அதைப் பார்த்து எழுத இரண்டு நிமிஷம் ஆகாது.